தவறி மடியும் புரதமும் தளராத அன்பும்

(மாரமங்கலத்தில், வீட்டில் முதியோரைப் பராமரிக்கும் குடும்பத்தார் கூடியிருந்தபோது ஆற்றிய உரை)



மருத்துவமனைக் கட்டிலருகே நிற்கும்போதும், மலை வீடுகளின் திண்ணையில் அமரும்போதும் ஒரே கேள்வி எங்கள் காதில் விழுகிறது. "நல்லா இருந்த மனுஷர் ஐயா. இப்போ பெத்த பிள்ளையையே யாருன்னு கேக்குறார். இது யார் செஞ்ச பாவம்? காத்துக் கருப்பு ஏதும் பட்டிருக்குமோ?" இதற்கு இன்று பதில் சொல்ல விரும்புகிறோம். நாங்கள் மருத்துவர்கள் அல்ல; மருத்துவர்களோடு பல ஆண்டுகள் பழகிக் கற்றதைச் சொல்லுகிறோம்.

நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் புரதங்கள் வேலை செய்கின்றன. புரதம் என்பது 20 வகை மணிகளைக் கோத்த நீண்ட மாலை போன்றது. அம்மாலை தனக்குரிய விதத்தில் மடிந்து சுருண்டால்தான் அதற்கு வேலை செய்யும் உருவம் கிடைக்கும். இந்த மடிப்பின் விதியைக் கண்டவர்களில் நம்மவர் ஒருவர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த ஜி. என். ராமச்சந்திரன், தம் சகாக்களான சசிசேகரன், ராமகிருஷ்ணன் ஆகியோருடன் 1963ஆம் ஆண்டில் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். மாலையின் ஒவ்வொரு கணுவும் எந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதை அது காட்டுகிறது. இன்றும் உலகெங்கும் புரதங்களின் வடிவத்தைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்துகிறார்கள்.

சில புரதங்கள் தவறி மடிவதுண்டு. சுருளாகவோ நெகிழ்வாகவோ இருக்கவேண்டியது தட்டையாக நீண்டு, தன்னைப் போன்ற இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளுகிறது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கரையாத நாராகிவிடுகிறது. கற்கண்டு காய்ச்சுவதை நினைத்துப் பாருங்கள். பாகில் ஒரு நூலைத் தொங்கவிட்டால், முதலில் ஒன்றும் தெரியாது. சிறு படிகம் ஒன்று பிடித்துவிட்டால் அதன்மேல் மளமளவென்று வளரும். மூளையிலும் முதல் சிறு கட்டி உருவாவதுதான் கடினம்; பின்பு அதுவே அச்சாக நின்று, நல்ல புரதத்தையும் தன் உருவத்துக்கு இழுக்கிறது. பெரிய நார்களைவிட, தொடக்கத்தில் உண்டாகும் சிறு திரள்களே நரம்பணுக்களுக்கு அதிகம் தீங்கு செய்கின்றன என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

உயிரணுவுக்குள் இதைச் சீர்ப்படுத்தும் உதவிப் புரதங்கள் உண்டு. கெட்டுப்போனதை உடைத்து அகற்றும் துப்புரவு ஏற்பாடும் உண்டு. வயது ஏற ஏற அவை தளருகின்றன. இந்நோய்கள் பெரும்பாலும் முதுமையில் வருவதற்கு இது ஒரு காரணம்.

1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஆல்சைமர், மறதியால் அவதிப்பட்டு மாண்ட ஒரு பெண்ணின் மூளையில் இருவகைப் படிவுகளைக் கண்டதாக அறிவித்தார். நரம்பணுக்களுக்கு வெளியே இருந்தது அமைலாய்டு பீட்டா என்றும், உள்ளே முறுக்கேறிக் கிடந்தது டாவ் என்றும் பிற்காலத்தில் தெரியவந்தது. பார்க்கின்சன் நோயாளரின் நரம்பணுக்களில் லேவி என்பவர் 1912இல் கண்ட உருண்டைகள், ஆல்ஃபா சினூக்ளின் என்ற புரதத்தின் திரள்கள் என்று 1997இல் அறியப்பட்டது. இப்படிவுகள், மறதியோ நடுக்கமோ வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன.

இது பட்டணத்து வியாதி என்று எண்ணவேண்டாம். 2023இல் வெளியான மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது. நகரத்தைவிடக் கிராமங்களில் அது அதிகம்.

நடுக்குவாதத்துக்கு மருந்து உண்டு; அதிலும் நம் மண்ணுக்குப் பங்கு உண்டு. தொட்டால் அரிக்கும் பூனைக்காலியை நீங்கள் அறிவீர்கள். அதன் விதையிலிருந்து லெவோடோபா என்னும் பொருளை 1937இல் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்தார்கள். 1960களில் அதே பொருள் பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாயிற்று. ஆனால், விதையை நீங்களாகவே அரைத்துக் கொடுக்கவேண்டாம்; அதில் அளவு நிச்சயமில்லை. மருந்தும் குறைந்துபோன டோபமினை ஈடுசெய்யுமே தவிர, திரளைக் கரைக்காது. அமைலாய்டை அகற்றும் லெக்கானமாப் என்ற ஊசிக்கு அமெரிக்கா 2023இல் முழு அனுமதி அளித்தது. அது ஆரம்ப நிலையில் நோயின் வேகத்தைச் சற்றே குறைக்கிறது, குணமாக்குவதில்லை. மூளையில் வீக்கமும் கசிவும் உண்டாகக்கூடும் என்ற ஆபத்தும் அதில் உண்டு.

அப்படியானால் என்ன செய்வது? முதலாவது, மறதி எல்லாம் ஒரே நோய் அல்ல. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, விழுந்ததால் மண்டைக்குள் தேங்கிய இரத்தம் இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே மந்திரிக்க அலைந்து நாளைக் கடத்தாமல், மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். இரண்டாவது, பெரியவரைக் கட்டிவைக்காதீர்கள். பிடிவாதம் என்று கடிந்துகொள்ளாதீர்கள். அடிக்கடி கேட்டால் அடிக்கடி பதில் சொல்லுங்கள். இரவில் சிறு விளக்கு எரியட்டும். உணவை நிமிர்ந்து உட்காரவைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். மூன்றாவது, பராமரிப்பவரும் களைத்துப்போவார். பெரும்பாலும் அவர் வீட்டு மருமகள். ஒரு நாள் பொறுப்பை மற்றவர்கள் ஏற்று, அவரை உறங்கவிடுங்கள்.

பாவம் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். புரதம் எப்படி மடியலாம் என்று உலகுக்குக் காட்டிய ராமச்சந்திரனே, தம் கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோயால் அவதிப்பட்டு, 2001ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னையில் காலமானார். அறிவும் உழைப்பும் நிறைந்த அவரையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை. நாற்பது வருஷம் காப்பி பறித்த கைகளையும் விட்டுவைக்காது. இதில் குற்றவாளியைத் தேடவேண்டாம். உங்கள் தாய் உங்கள் பெயரை மறந்திருக்கலாம். அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட நீங்கள் இருக்கிறீர்கள். நாளைக் காலையும் அவர்கள் அருகே அமர்ந்து, உங்கள் கையால் கஞ்சி ஊட்டுங்கள்.