சுவர்க்கடிகாரமும் குடும்ப வரலாறும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களிலிருந்து வந்த குடும்பங்கள் நம் காலனியில் உண்டு. அவ்வூர்ப் பழைய வீடுகள் சிலவற்றில் ஊசல் கடிகாரம் இன்றும் தொங்குகிறது. "மகாராஜா காலத்தது" என்பர் பெரியோர். எந்த மகாராஜா என்று வினவினால் விடை வாராது. கடிகாரத்தையே கேட்டால் ஓரளவு விடை கிடைக்கும்.

ஊசலைக் கழற்றிப் பொறியை வெளியே எடுத்தால், பித்தளைப் பின்தகட்டில் முத்திரையும் எண்ணும் தெரியும். முடியும் நங்கூரமும் ஜி, பி என்னும் எழுத்துகளும் இருப்பின், அது ஜெர்மானியரான குஸ்தாவ் பெக்கரின் தொழிற்சாலையில் செய்தது. அங்கே எண்கள் 1863இல் 10,000ஐயும், 1875இல் 1,00,000ஐயும், 1885இல் 5,00,000ஐயும், 1892இல் 10,00,000ஐயும் எட்டின. ஆதலின் 7,00,000ஐ அடுத்த எண் 1885க்கும் 1892க்கும் இடைப்பட்டது. யுங்கன்ஸ் நிறுவனத்தின் முறை வேறு. "பி 10" என்றிருந்தால் 1910இன் பிற்பாதி. "ஏ" என்றால் முற்பாதி.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பெக்கரின் பிரௌனாவ் கிளைத் தொழிற்சாலை தனி வரிசையில் எண்ணிட்டது. மேலும், எண் பொறியின் வயதையே சொல்லும். மரப்பெட்டி பின்னர் மாற்றப்பட்டிருக்கலாம். பழுது பார்த்தவர் தகட்டில் கொல்லம் ஆண்டைக் கீறியிருந்தால் அதுவும் சான்றாகும். 1084 என்பது 1908 ஆவணியில் தொடங்கிய ஆண்டு.

சுவாதித் திருநாள் அளித்த பெக்கர் கடிகாரம் என எவரேனும் கூறினால் அது பொருந்தாது. அம்மன்னர் 1846இல் மறைந்தார். பெக்கர் தொழில் தொடங்கியது 1847இல். இதனால் குடும்பப் பெருமை குறைந்துவிடாது. அரசர் அளித்த பரிசினும், பாட்டனார் உழைத்துச் சேர்த்த பொருளால் வாங்கியது தாழ்ந்ததன்று.

ஆனால் வாங்கியவர் யார், எப்பொழுது, எதன் பொருட்டு என்பதை எண் கூறாது. வீட்டுப் பெரியவரே கூறவேண்டும். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. பாறசாலை கேரளத்தில் நின்றது. உறவினர் இரு மாநிலத்தவராயினர். பிள்ளைகள் பிழைப்பு நாடி இன்னும் தொலைவு சென்றனர். சொல்லும் பாட்டியிடமிருந்து கேட்கும் பேரன் பிரிந்தான். இந்நிலையில் பழம்பொருள் வணிகர் வந்து, ஓடாத கடிகாரத்தைச் சிறுதொகைக்கு வாங்கிச் செல்கின்றனர்.

அடுத்த விடுமுறையில் ஊர் செல்வோர் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதனருகிலேயே பெரியவர் சொல்லையும் எழுதுங்கள். எண்ணைப் பிறகும் படிக்கலாம். பெரியவர் சொல்லுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.