விதியா, விற்பனையா?



கட்டடத்தைச் சுற்றி விடும் இடம் வீண் என்பர் செல்வர். வீணா அது? காற்று வரும் வழி; கதிரவன் ஒளி நுழையும் வழி; தீப்பற்றினால் தீயணைப்பு வண்டி விரையும் வழி!

அவ்வழியை அடைத்தவர்க்கு என்ன தண்டனை? 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் ஒரு பிரிவு நுழைந்தது. விதிமீறி எழுப்பிய கட்டடமா? கட்டணம் செலுத்து, விலக்குப் பெறு! 1999 பிப்ரவரி 28 வரை என்ற எல்லையும் பின்னர் நீண்டது, நீண்டது! அந்த நீட்டிப்புகள் செல்லாவென 2006இல் உயர்நீதிமன்றம் உரைத்தது.

கட்டணம் கருவூலம் சேரும்; அடைபட்ட காற்று வீடு சேருமா? பற்றுச்சீட்டைப் படித்துவிட்டா தீ திரும்பிப் போகும்?

ஏழைக்கு வேலி, செல்வர்க்கு விலைப்பொருள் எனில், அது விதியன்று, விற்பனை! விழித்திருப்பீர்!