திருக்கோகர்ணத்து மியூசியம்



1898-ஆம் ஆண்டு நம் புதுக்கோட்டையின் கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைத்தது. மொத்தம் 501 காசுகள். அத்தனையும் ரோமாபுரித் தங்கம்! அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரைக்கும் பேரரசர்களின் முகங்கள். பெரும்பாலான காசுகளில் அந்த முகத்தின் மேலேயே உளியால் வெட்டியிருக்கிறார்கள். இனி இது காசாகச் செல்லாது, எடைக்குத்தான் மதிப்பு என்று காட்டவா? ஆய்வாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காசுகளில் பல இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. நம் மண்ணில் கிடைத்ததை நம் பிள்ளை பார்க்க வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டும். அன்றைக்கு நம் ஊருக்கென்று ஒரு மியூசியம் கிடையாது.

1910-இல் நம் திருக்கோகர்ணத்து மியூசியம் வந்து அந்தக் குறை தீர்ந்தது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆட்சிக்காலம் அது. சென்னையில் 1851-லேயே அருங்காட்சியகம் வந்துவிட்டது, அது மாகாணத்துக்கு. இது ஒரு சிறு சமஸ்தானம் தனக்கென்று வைத்துக்கொண்டது. 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. ஆட்சி மாறியும் மியூசியம் நிலைத்தது.

அங்கே பாறைத் துண்டுகள் உண்டு, பாடம் செய்த விலங்குகள் உண்டு, ஆயுதங்கள், செப்புத் திருமேனிகள், ஓவியங்கள் உண்டு. பிள்ளைகள் விலங்குகளைப் பார்க்கத்தான் ஓடுவார்கள், ஓடட்டும். ஆனால் பெரியவர்களே, நீங்கள் ஈமத்தாழிகளின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். சித்தன்னவாசல் ஓவியத்துக்கும், குடுமியான்மலை இசைக் கல்வெட்டுக்கும் பல நூற்றாண்டு முன்னால் இங்கே வாழ்ந்தவர்கள், இறந்தவர்களை அந்தத் தாழிகளில் அடக்கம் செய்தார்கள். உள்ளே சிறு கலயங்களும் இரும்புப் பொருள்களும் வைத்து வழியனுப்பினார்கள். அவர்களுக்கு அரண்மனை இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை. அவர்கள் சார்பில் பேச அந்தச் சுட்ட மண் ஒன்றுதான் இருக்கிறது. அதைத் தங்கத்துக்குக் கீழானது என்று நான் ஒப்பவே மாட்டேன்.

பக்கத்திலேயே கோகர்ணேசுவரர் கோயில். அங்கே குடிகொண்ட பிரகதாம்பாளின் உருவம் பொறித்ததுதான் சமஸ்தானம் வெளியிட்ட அம்மன் காசு. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து அந்தக் காசை மக்களுக்குக் கொடுத்தது அரண்மனை. கோயிலையும் மியூசியத்தையும் ஒரே நாளில் பார்த்தால் ஒன்று மற்றொன்றை விளக்கும்.

ஆவணப்படுத்துவது இந்த ஊருக்குக் கைவந்த கலை. 1929-லேயே சமஸ்தானத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டவர்கள் நம் முன்னோர். அன்று அச்சில் ஏறிய பாடத்தை இன்றைக்கும் ஆராய்ச்சியாளர் எடுத்துப் படிக்கிறார்.

இப்போது என் வேண்டுகோள். கிணறு வெட்டும்போதோ, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ பழம்பொருள் தட்டுப்பட்டால் மண்வெட்டியை நிறுத்துங்கள். கழுவாதீர்கள், பங்கு போடாதீர்கள், பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். மண்ணில் புதைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். பொருள் எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதையும் சொல்லுங்கள். ஆய்வாளருக்குப் பாதி வரலாறு அதில்தான் இருக்கிறது. ஆசிரியப் பெருமக்களே, ஆண்டுக்கு ஒரு முறையாவது பிள்ளைகளைத் திருக்கோகர்ணத்துக்கு அழைத்து வாருங்கள்.