வெந்நீர்க் கருவியும் இரண்டு காவல்காரர்களும்



தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு வெந்நீர் என்றாலே நினைவுக்கு வருவது, வீட்டின் பின்புறம் மூன்று கல்லை வைத்து மூட்டிய அடுப்பும், அதன் மேல் கரி படிந்த தகர டின்னும்தான். காய்ந்த ரப்பர் விறகைப் பொறுக்கி வந்து எரிப்போம். பிள்ளை பெற்ற மருமகளுக்கு, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கு, முழங்கால் வலிக்கும் முதியவர்களுக்கு என்று அந்த டின் ஓயாமல் கொதித்துக்கொண்டிருக்கும்.

இன்று பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்டன. தோட்டத்திலேயே இருப்பவர்களில் பலருடைய வீடுகளிலும் மின்சாரம் இருக்கிறது. விறகு அடுப்பு இருந்த இடத்தில் இப்போது குளியலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்குகிறது. விசையைத் திருப்பினால் வெந்நீர் கொட்டுகிறது. நல்ல வசதிதான். ஆனால் விறகு அடுப்பு தன் ஆபத்தை நம் கண்ணுக்குக் காட்டியது. நெருப்பைப் பார்த்து விலகி நின்றோம். இந்தப் பெட்டியின் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. அதனால் இந்த ஹீட்டரை எப்படிப் பராமரிப்பது, எப்போது நாம் கை வைக்கலாம், எப்போது கை வைக்கவே கூடாது என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். புது வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் கால் வலிக்காக ஒரு ஹீட்டர் வாங்கினோம். குறைந்த கூலிக்கு ஒருவர் வந்து ஒரு மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். வெந்நீர் நன்றாக வந்தது. ஓராண்டு கழித்து அம்மா, "ஏம்பா, குளிக்கிறப்போ அந்தக் குழாய்த் திருகைத் தொட்டா எறும்பு கடிச்ச மாதிரி சுருக்குங்குது" என்றார். "வயசாச்சில்லையாம்மா, நரம்புத் தளர்ச்சியா இருக்கும்" என்று சொல்லி நாங்கள் வேலைக்குப் போய்விட்டோம். பிறகு ஒரு நாள் பேரப்பிள்ளையும் அதையே சொன்னான். பிள்ளைக்கு ஏது நரம்புத் தளர்ச்சி? அன்றுதான் பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்தோம். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பாட்டி எத்தனை நாளாச் சொல்றாங்க?" என்று கேட்டார். "மூணு வாரமா" என்றோம். அதற்கு மேல் அவர் முகத்தைப் பார்க்க எங்களால் முடியவில்லை. பச்சையும் மஞ்சளும் கலந்த எர்த் கம்பி எதிலும் இணைக்கப்படாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. இ.எல்.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தினார்; அது அசையவே இல்லை.

நேயர்களே, இந்த இரண்டும்தான் வெந்நீர்க் கருவியின் காவல்காரர்கள். இவை செய்யும் வேலை என்ன?

ஹீட்டருக்குள் ஒரு சூட்டுக்கம்பி இருக்கிறது. தண்ணீர் அதை ஒட்டி ஓடும்போது சூடாகிறது. நாளடைவில் அந்தக் கம்பியின் உறை வெடித்தாலோ, பெட்டிக்குள் நீர் கசிந்தாலோ, மின்சாரம் தண்ணீருக்கும் உலோகப் பகுதிகளுக்கும் பரவும். அப்போது எர்த் கம்பி அந்த மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும். இவர் முதல் காவல்காரர்.

இரண்டாமவர் இ.எல்.சி.பி. மின்சாரம் ஒரு கம்பியில் போய் மறு கம்பியில் திரும்புகிறது. போனதும் திரும்பியதும் ஒரே அளவாக இருக்கவேண்டும். கடைக்காரர் கல்லாவில் காசு குறைந்தால் உடனே கடையைச் சாத்துவதுபோல, திரும்பும் அளவு குறைந்தால், மின்சாரம் எங்கோ கசிகிறது என்று கண்டு, இது கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும். ஆகவே அது அடிக்கடி 'டப்' என்று விழுந்தால் அதன்மேல் கோபப்படக் கூடாது. அது உங்கள் உயிரைக் காக்கிறது. "தொல்லையாக இருக்கிறது, அதை விலக்கிவிட்டு நேராக இணைத்துக் கொடுங்கள்" என்று யாரிடமும் கேட்காதீர்கள். அப்படிச் செய்து தருகிறேன் என்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின்படி, குளியலறை போன்ற ஈரத் தரை உள்ள இடத்துக்கு 10 மில்லி ஆம்பியரைத் தாண்டாத கசிவிலேயே துண்டிக்கும் கருவி வேண்டும். வீட்டின் மற்றப் பகுதிகளுக்குள்ள 30 அல்லது 100 மில்லி ஆம்பியர் கருவி இதற்குப் போதாது. ஈரமான உடம்பில் மின்சாரம் எளிதில் பாயும். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிவிடக் கூடும். அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு.

இன்னொரு தவறு, ஹீட்டரைச் சாதாரண பிளக்கில் மாட்டுவது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டு ஹீட்டர்கள் பல 3,600 வாட் சக்தி கொண்டவை. நம் மின்சாரம் 230 வோல்ட். வகுத்தால் ஏறக்குறைய 15.7 ஆம்பியர் வருகிறது. பிளக்கோ 13 ஆம்பியர்தான் தாங்கும். பிளக்கும் கம்பியும் சூடேறிக் கருகித் தீப்பிடிக்க இதுவே வழி. ஹீட்டருக்கு மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி வரவேண்டும். குளியலறைக்கு வெளியே தனிச் சுவிட்சும் வேண்டும்.

இனி, நாமே செய்யக்கூடிய வேலைகள்.

ஒன்று: மாதம் ஒரு முறை இ.எல்.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சம்பள நாளன்று செய்வதென்று வைத்துக்கொண்டால் மறக்காது. மின்பெட்டியில் உள்ளதற்கும், ஹீட்டரிலேயே உள்ளதற்கும் தனித்தனியே செய்யவேண்டும். கை உலர்ந்திருக்கட்டும்; குளித்துக்கொண்டே செய்யவேண்டாம். அழுத்தியதும் மின்சாரம் நின்றால் நல்லது. நிற்காவிட்டால் அன்றிலிருந்து ஹீட்டரைத் தொடாதீர்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்தப் பொத்தான் இரண்டாவது காவல்காரரை மட்டுமே சோதிக்கும். எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்பதை வயர்மேன்தான் தம் அளவுகருவியால் பார்த்துச் சொல்லமுடியும்.

இரண்டு: தண்ணீர் மெதுவாக வந்தாலோ, சூடாகாமலே வந்தாலோ, உடனே கருவி கெட்டுவிட்டது என்று எண்ணவேண்டாம். போதிய வேகத்தில் நீர் ஓடினால்தான் ஹீட்டர் வேலை செய்யத் தொடங்கும். சுவிட்சை அணைத்து, நீர் வரும் குழாயையும் மூடிவிட்டு, நுழைவாயிலில் உள்ள சிறிய வலையைக் கழற்றி மண்ணையும் துருவையும் கழுவுங்கள். ஷவர் தலையை வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் தூரிகையால் தேயுங்கள். பாதிக் கோளாறு இதிலேயே தீர்ந்துவிடும்.

மூன்று: ஷவர் குழாயை மடக்கி அடைக்காதீர்கள். நீர் ஓட்டம் குறைந்தால் சூடு கூடும். குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது நீரை வாளியில் பிடித்து, முழங்கையால் சூடு பார்த்த பிறகே மேலே ஊற்றுங்கள்.

நான்கு: குளித்து முடித்ததும் வெளிச் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

இவற்றுக்கு மேல், பெட்டியின் மூடியைத் திறக்கும் வேலை எதுவும் நம்முடையதல்ல. தொட்டால் சுருக்கென்பது, கருகும் வாடை, சுவிட்ச் பழுப்பேறிச் சூடாவது, பெட்டியிலிருந்து நீர் சொட்டுவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேனை அழையுங்கள். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கருவி வாங்கும்போது சிரிம் ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

யாருக்காவது மின்சாரம் பாய்ந்துவிட்டால், பதற்றத்தில் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். இழுப்பவரையும் அது பிடித்துக்கொள்ளும். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு 999-ஐ அழையுங்கள். மூச்சில்லாவிட்டால், உதவி வரும்வரை மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியைச் செய்யுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் உள்ள பெரிய பிள்ளைகளுக்கு இன்றே காட்டிவைப்பது நல்லது.

எங்கள் வீட்டில் எர்த் கம்பியை இணைத்து, இ.எல்.சி.பி.யை மாற்றி, பழைய ஹீட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார்கள். செலவானதுதான். ஆனால் அந்த மூன்று வாரங்களை நினைத்தால் அது செலவாகத் தோன்றவில்லை. அம்மா இப்போதும் தினமும் வெந்நீரில்தான் குளிக்கிறார்.

ஆகவே நேயர்களே, வெந்நீர் வருகிறது என்பதால் கருவி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு முதியவரோ, ஒரு பிள்ளையோ 'சுருக்குங்குது' என்று சொன்னால், அன்றைக்கே சுவிட்சை அணையுங்கள். அவர்கள் பேச்சை நாளைக்கென்று தள்ளிவைக்காதீர்கள்.