கார்க்டவுன்: டெட்ராய்ட் நகரின் பழைய ஐரிஷ் பேட்டை

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் மூன்றாம் குறுக்குத் தெரு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



அமெரிக்காவில் மகள் வீட்டில் நாலு மாதம் இருந்துவிட்டு வந்தவரைக் கண்டால் எல்லாரும் நயாகரா போட்டோவைத்தான் கேட்பார்கள். நம் செயலாளர் மட்டும், "சார், அங்கே ஏதோ பழைய பேட்டையையே சுற்றிக்கொண்டிருந்தீர்களாமே, அதைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள்" என்றார். அந்தப் பேட்டையின் பெயர் கார்க்டவுன். மிச்சிகன் மாநிலம் டெட்ராய்ட் நகரில் இன்றும் இருக்கிற குடியிருப்புகளில் மிகப் பழையது என்று அதைச் சொல்வார்கள்.

பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். பாட்டில் மூடுகிற கார்க் இல்லை. அயர்லாந்தின் தெற்கே கார்க் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. 1825-ல் ஈரி கால்வாய் திறந்த பிறகு நியூயார்க் பக்கமிருந்து பெரிய ஏரிகள் வழியாக மேற்கே வருவது சுலபமானது. ஐரிஷ்காரர்கள் டெட்ராய்ட் வரத் தொடங்கியது அப்போதுதான். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் செத்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். அப்படி வந்தவர்களில் கார்க் மாவட்டத்தார் நிறைய. 1850-களின் தொடக்கத்தில் இந்தப் பகுதி அடங்கிய எட்டாவது வார்டில் பாதிப் பேர் ஐரிஷ் வம்சத்தவர்.

அவர்கள் வருவதற்கு முன் அந்த இடம் பிரெஞ்சுக்காரர்களின் பண்ணை. டெட்ராய்டே 1701-ல் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட ஊர். ஒவ்வொரு பண்ணைக்கும் ஆற்றங்கரை வேண்டும் என்பதற்காக நிலத்தை ரிப்பன் மாதிரி ஒடுக்கமாக, நீளமாகப் பிரித்திருந்தார்கள். பிற்பாடு அதையே மனை போட்டு விற்றார்கள். லாப்ரோஸ் என்று ஒரு தெரு இருக்கிறது. அது பழைய பண்ணைக்காரர் பெயர். நம் ஊரிலும் தோப்பு போய்விடும், தோப்புக்காரர் பெயர் மட்டும் தெருவுக்கு நிற்கும் இல்லையா, அதே கதைதான்.

இனி வீடுகள். மாளிகைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒடுக்கமான மனையில் மர வீடுகள், முன்பக்கம் சின்ன வராண்டா, கூம்பு வைத்த கூரை, கொஞ்சம் காசு பார்த்தவர் வீட்டில் ஜன்னலைச் சுற்றி மரச் செதுக்கல். அவ்வளவுதான். ஆறாவது தெருவில் 1849-ல் கட்டிய ஒரு லைன் வீடு நிற்கிறது. மூன்று குடித்தனங்கள். வாடகைக்கு விடக் கட்டியது. நம் திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெயின் ஸ்டேட் பல்கலைக்கழகத்துத் தொல்லியல் மாணவர்கள் அந்த வீட்டுக் கொல்லையைத் தோண்டி ஆராய்ந்திருக்கிறார்கள். ராஜா வீட்டைத் தோண்டுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். கூலிக்காரர் வீட்டுக் கொல்லையும் தோண்டத் தகுந்தது என்று யாரோ நினைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

கோயிலைச் சொல்லாமல் ஐரிஷ் பேட்டையைச் சொல்ல முடியாது. பெயர் மோஸ்ட் ஹோலி டிரினிட்டி. 1834-ல் தொடங்கிய பங்கு. டெட்ராய்டில் ஆங்கிலம் பேசும் கத்தோலிக்கர்களுக்கு அதுவே முதல் பங்கு. தொடங்கிய அதே வருடம் ஊரில் காலரா. மார்ட்டின் குண்டிக் என்ற பாதிரியார் கோயில் பெஞ்சுகளை எடுத்துவிட்டு உள்ளே நோயாளிகளைப் படுக்கவைத்தார். அப்போது கோயில் நகரின் நடுவில் இருந்தது. 1849-ல் அந்த மரக் கோயிலையே கார்க்டவுனுக்குப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். இன்று நிற்கும் செங்கல் கோயில் பிறகு எழுந்தது.

நூறு வருடம் கழித்து, 1943-ல், கிளெமென்ட் கெர்ன் என்ற பாதிரியார் அங்கே பங்குத்தந்தையாக வந்தார். 1977 வரை இருந்தார். அவர் வந்தபோது ஐரிஷ்காரர்களில் வசதி கண்டவர்கள் புறநகருக்குப் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் விட்ட வீடுகளில் மால்டா தீவுக்காரர்கள் வந்தார்கள், மெக்சிகோக்காரர்கள் வந்தார்கள். எல்லாரும் கத்தோலிக்கர்கள் என்பதால் கோயில் மாறவில்லை. கெர்ன் பாதிரியார் 1950-ல் அங்கே ஓர் இலவச மருத்துவமனை தொடங்கினார். கப்ரினி கிளினிக் என்று பெயர். அமெரிக்காவின் மிகப் பழைய இலவச கிளினிக் என்று அதைச் சொல்கிறார்கள். செயின்ட் பாட்ரிக் திருநாளன்று, வெளியே போய் வசதியான ஐரிஷ் குடும்பங்கள் எல்லாம் அந்தக் கோயிலுக்குத் திரும்பி வருவார்கள். தட்டில் விழும் காசு ஏழைகளுக்குப் போகும். ஊரைவிட்டுப் போனவர்களிடம் வருடத்துக்கு ஒருநாள் உரிமையோடு வசூல் செய்தார்கள். நம் ஊர்த் திருவிழாவில் வெளியூர் வரி வாங்குவதைப் போல.

இப்போது கொஞ்சம் வருத்தமான பகுதி. நீங்கள் ஒரு வரைபடத்தில் கார்க்டவுனைப் பார்த்தால் அது கடித்த தோசை மாதிரி இருக்கும். எல்லாப் பக்கமும் பிய்ந்திருக்கும்.

முதல் கடி ரயில் நிலையம். மிச்சிகன் சென்ட்ரல் நிலையம் 1913 டிசம்பரில் திறந்தது. முன்னால் தோட்டம் இல்லாமல் இவ்வளவு பெரிய கட்டடம் எப்படி நிற்கும் என்று ஒரு பூங்கா போட்டார்கள். பூங்கா போட்ட இடத்தில் வீடுகள் இருந்தன, அவை போயின. அடுத்தது பேஸ்பால் மைதானம். 1912-ல் அங்கே புது ஸ்டேடியம் வந்தது. ஆட்ட நாளில் கார் நிறுத்த இடம் வேண்டும். ஒரு வீட்டை இடித்து, சமதளமாக்கி, காருக்கு இவ்வளவு என்று வாங்கினால் வாடகையைவிட லாபம் என்று சிலர் கண்டுபிடித்தார்கள். அப்படிப் போன வீடுகள் எத்தனையோ. அரசாங்கம் மட்டுமே இடித்தது என்று நினைக்காதீர்கள், சொந்தக்காரரும் இடித்தார். மூன்றாவதாக, 1950-களிலும் 60-களிலும் லாட்ஜ், ஃபிஷர் என்று இரண்டு அதிவேகச் சாலைகள் வந்தன. கூடவே, "நலிந்த பகுதி" என்று குறித்து, வீடுகளை எடுத்துவிட்டு இலகு தொழிற்பேட்டை ஆக்கும் மாநகராட்சித் திட்டம். தெருத் தெருவாகப் போயின.

எஞ்சியிருந்தவர்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். ஐரிஷ், மால்டா, மெக்சிகோ என்று பாராமல். முழுவதையும் தடுக்க முடியவில்லை. ஆனால் திட்டம் பேட்டை முழுவதையும் விழுங்கவில்லை. நிறுத்திய இடத்தில் இருந்து இந்தப் பக்கம் மிஞ்சியதுதான் இன்றைய கார்க்டவுன். 1978-ல் அது தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. அந்தப் பதிவு ஒரு கவசம் என்று நாம் நினைக்கிறோம். அவ்வளவு எளிதில்லை. அதே ரயில் நிலையம் 1975-லேயே பதிவேட்டில் ஏறியது. 1988 ஜனவரி 5-ம் தேதி கடைசி ரயில் போனது. அதன்பின் முப்பது வருடம் ஜன்னல் கண்ணாடி இல்லாமல், செம்புக் குழாய் திருடப்பட்டு, அடித்தளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. 18 மாடி. டெட்ராய்ட் நாசமானது என்று பத்திரிகையில் கட்டுரை வந்தால் அதன் படம்தான் மேலே இருக்கும். 2009-ல் நகர மன்றம் அதை உடனே இடிக்கச் சொல்லித் தீர்மானமே போட்டது. நகரவாசி ஒருவர் வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டார். இடிக்கவில்லை.

ஸ்டேடியத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1999-ல் கடைசி ஆட்டம். 2008, 2009-ல் இடித்தார்கள். ஆனால் இதைக் கேளுங்கள். வெறும் திடலாகிப்போன இடத்தில் முழங்கால் உயரம் களை. 2010 முதல் சில ரசிகர்கள் தங்கள் சொந்தப் புல்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து வாராவாரம் வெட்டினார்கள். மாநகராட்சி நிலம், அனுமதியில்லை, போலீஸ் வந்து விரட்டியது. அவர்கள் மறுவாரமும் வந்தார்கள். இப்படிப் பல வருடம். பிறகு அங்கே சிறுவர் விளையாட்டு அமைப்பின் மைதானம் வந்தது, பழைய ஆடுகளம் இருந்த இடத்திலேயே. நம் பூங்காவில் களை எடுக்க ஞாயிற்றுக்கிழமை ஆள் கேட்டால் எத்தனை பேர் வருகிறோம் என்பது நமக்கே தெரியும், நான் மேலே பேசவில்லை.

சரி, 2018-க்கு வருவோம். அந்த ரயில் நிலையத்தை போர்டு கார் கம்பெனி வாங்கியது. இந்த அறையில் நாலைந்து பேர் மறைமலைநகர் தொழிற்சாலையிலோ, அதற்கு உதிரிபாகம் தந்த கம்பெனிகளிலோ வேலை பார்த்தவர்கள். 2021-ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று போர்டு அறிவித்த அன்று அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆகவே இந்தப் பெயர் நமக்குப் புதிதில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். ஹென்றி போர்டின் அப்பா வில்லியம் போர்டு கார்க் மாவட்டத்துக்காரர். பஞ்சத்தின் உச்சத்தில், 1847-ல், ஊரைவிட்டு மிச்சிகன் வந்தார். சில காலம் இதே மிச்சிகன் சென்ட்ரல் ரயில்வேயில் தச்சு வேலை பார்த்தவர். மகன் 1917-ல் அப்பா ஊரான கார்க்கில் ஒரு தொழிற்சாலை தொடங்கினார். அதை 1984-ல் மூடினார்கள். கார்க்காரர்களும் மறைமலைநகர்காரர்களும் சந்தித்தால் பேசுவதற்கு விஷயம் இருக்கும்.

ஆறு வருட வேலைக்குப் பின் 2024 ஜூனில் நிலையத்தைத் திறந்தார்கள். காத்திருப்புக் கூடத்தின் வளைகூரையில் ஓடு ஓடாகப் பார்த்துச் சரிசெய்திருக்கிறார்கள். நான் அரைமணி நேரம் கழுத்து வலிக்க நிமிர்ந்து நின்றேன். அழகு, சந்தேகமில்லை. ரயில் மட்டும் நிற்பதில்லை. அங்கே இருப்பது அலுவலகங்களும் ஆராய்ச்சியும். போர்டு வாங்கிய செய்தி வந்ததும் நடந்த ஒரு சம்பவம்: யாரோ ஒருவர் போனில் கூப்பிட்டு, பல வருடம் முன்பு நிலையத்திலிருந்து போன பெரிய கடிகாரம் என்னிடம் இருக்கிறது, இன்ன இடத்தில் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். போய்ப் பார்த்தால் இருந்தது.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது அந்தக் கடிகாரத்தைப் பற்றி அல்ல. இவ்வளவு பணம் வந்தால் பக்கத்துத் தெரு என்னாகும்? இடிப்பதற்கு வந்தவர்களை எதிர்த்து நின்ற பேட்டை அது. இப்போது யாரும் இடிக்க வரவில்லை, வாங்க வருகிறார்கள். வாடகையும் வீட்டு விலையும் ஏறுகின்றன. எழுபது வருடம் மாநகராட்சியோடு சண்டை போட்டுக் காப்பாற்றிய மர வீட்டில், காப்பாற்றியவரின் பேரன் குடியிருக்க முடியாமல் போகலாம்.

டெட்ராய்டில் 2016 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் ஒரு சட்டம் வந்தது. சமூகப் பயன் சட்டம் என்று சொல்லலாம். 7.5 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள திட்டம், அதற்கு வரிச்சலுகையோ மாநகராட்சி நிலமோ கணிசமாகக் கிடைக்கிறது என்றால், அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும். வாக்கெடுப்பில் இரண்டு வரைவுகள் இருந்தன. மக்கள் அமைப்புகள் எழுதிய கடுமையான வரைவு தோற்றது. நகர மன்றத்தின் ஆதரவோடு வந்த மிதமான வரைவு ஜெயித்தது. அதன்படி ஒன்பது பேர் கொண்ட ஆலோசனைக் குழு. அந்த ஒன்பதில் குடியிருப்போர் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது இரண்டே பேர். நாலு பேரை நகரத் திட்டத் துறை நியமிக்கும். மற்ற மூவரை மன்ற உறுப்பினர்கள் நியமிப்பார்கள். போர்டு திட்டம் அப்போது 74 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. பேசி முடித்ததில் அக்கம்பக்கத்துக்குக் கிடைத்த உறுதி 1 கோடி டாலர்: வீட்டு வசதி, தொழிற்பயிற்சி, உள்ளூர் வேலைகள் என்று பிரித்து. பிறகு 2021-ல் மத்திய அரசு, குறைந்த வருமானக்காரர்களும் குடியிருக்கும்படி அந்தப் பகுதியில் வீடுகள் கட்ட 3 கோடி டாலர் ஒதுக்கியது.

இது போதுமா என்று கேட்டால், போதாது என்பது என் அபிப்பிராயம். ஒன்பதில் இரண்டு என்பது பெயருக்குத்தான். ஆனால் ஒன்று: அந்தக் கூட்டங்கள் பொதுவில் நடந்தன, என்ன கேட்டார்கள், என்ன கொடுத்தார்கள் என்பது எழுத்தில் இருக்கிறது. நம் வார்டில் போன வருடம் ஒரு பெரிய மனையில் பதினாலு மாடிக்கு அனுமதி கிடைத்தபோது நமக்கு விஷயம் தெரிந்ததே ஜேசிபி வந்தபிறகுதான். அந்த இரண்டு நாற்காலிகூட நமக்கு இல்லை. வார்டு கமிட்டி, ஏரியா சபை என்று சட்டத்தில் இருக்கிறது. அடுத்த சபை எப்போது என்று கேட்டு எழுதுவதற்கு ஒரு கடித வரைவு கொண்டுவந்திருக்கிறேன். செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன், போகும்போது படித்துக் கையெழுத்துப் போடுங்கள்.

இருபது நிமிடம் தாண்டிவிட்டது. கேள்வி இருந்தால் காபி குடித்துக்கொண்டே கேட்கலாம்.