கல்லான மரமும் கடுகு விதையும்



"கிறித்தவ வாழ்வில் உறுதியான விசுவாசம்" என்பது எனக்களிக்கப்பட்ட தலைப்பு. வானூர் மண்ணில் நின்று உறுதி என்ற சொல்லைக் கேட்டவுடன் திருவக்கரையே நினைவுக்கு வருகின்றது. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்து வந்து மணலுள் புதைத்த மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. வரியும் கணுவும் அப்படியே இருக்கின்றன. கோடரிக்கும் கரையானுக்கும் அவை அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் அம்மரங்கள் துளிர்ப்பதில்லை. ஒரு பறவைக்கும் நிழல் தருவதில்லை.

நாம் உறுதியான விசுவாசம் என்று போற்றுவது பல வேளைகளில் இக்கல்மரத்தைத்தான் என்று அஞ்சுகிறேன். ஐயம் புகாத மனம், அசையாத கொள்கை, எதற்கும் ஆயத்தமான விடை இவற்றையே உறுதி என்கிறோம். இயேசு பெருமானோ, விசுவாசத்தின் அளவைச் சொல்ல வந்தபோது கடுகு விதையைக் காட்டினார். அது சிறியது, ஆனால் உயிருள்ளது.

சொல்லாய்வில் நாட்டமுடைய அவை இது. விசுவாசம் என்ற சொல்லைப் பேச்சுத் தமிழில் எங்கே வழங்குகிறோம்? விசுவாசமான வேலைக்காரர், விசுவாசமுள்ள நாய் என்கிறோம். அங்கே அச்சொல் நம்புதலை அன்று, கைவிடாதிருத்தலைக் குறிக்கின்றது. புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்திலும் 'பிஸ்டிஸ்' என்னும் ஒரே சொல் நம்பிக்கையையும் நம்பத்தக்க தன்மையையும் சேர்த்தே உணர்த்தும். இவ்விரண்டும் ஒருவர் வாழ்வில் இணைந்த வரலாறு நமக்கு அண்மையிலேயே, திண்டிவனத்தில், தொடங்கியது.

ஐடா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணி தொடங்கியவர். தந்தையும் மருத்துவ ஊழியர். அக்குடும்பத்தில் விசுவாசம் பரம்பரைச் சொத்து. ஐடா அம்மையாரோ அச்சொத்தை விரும்பவில்லை. சிறுமியாகப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டவர் அவர். அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழ்வதென்று முடிவு செய்திருந்தார். 1890இல் தாயார் நோயுற்றிருந்தமையால் மட்டுமே திண்டிவனத்துப் பங்களாவுக்கு வந்தார்.

அங்கே ஓரிரவு மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மூன்றாமவரும் இந்து. மூவர் மனைவியரும் பிள்ளைப்பேற்றில் துடித்துக்கொண்டிருந்தனர். "என் தந்தையார் மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள்" என்றார் ஐடா. வேற்று ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொட அக்கால வழக்கம் இடந்தரவில்லை. பெண்ணாகிய ஐடாவோ மருத்துவம் அறியார். மூவரும் திரும்பிச் சென்றனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

அன்பர்களே, இங்கே ஒரு கேள்வி எழாமல் இராது. கடவுள் இருக்க, அம்மூன்று தாய்மார் ஏன் மாண்டனர்? இதற்கு எளிதாக விடை கூறுவோர் உண்டு. ஓர் இளம்பெண்ணை மருத்துவராக்கவே இறைவன் அம்மூவரையும் எடுத்துக்கொண்டான் என்பர். அவ்விடையை என்னால் ஏற்க இயலவில்லை. அப்பெண்களும் பிறரது கதைக்குக் கருவியாகப் பிறந்தவர்கள் அல்லர். அவர்கள் பெயரைக்கூட நாம் அறியோம். அக்கேள்விக்கு விடை சொல்லித் தேற்றிக்கொள்வதைக் காட்டிலும், அம்மூவரையும் மறவாதிருப்பதே விசுவாசத்துக்கு நெருக்கமானது என்பேன்.

ஐடா அம்மையார் செய்தது அதுவே. அமெரிக்கா திரும்பி, 1899இல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவம் தொடங்கினார். வழிகாட்டவேண்டிய தந்தையார் அவ்வாண்டே மறைந்தார். 1902இல் ஷெல் மருத்துவமனை எழுந்தது. ஒரு மருத்துவச்சி எத்தனை கதவுகளைத் திறக்க இயலும்? ஆதலின் 1909இல் செவிலியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் நிறுவினார். அப்பள்ளியைப் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்த்தாவிடில் நிலைக்காது என்ற நெருக்கடி வந்தபோது, எழுபது வயதைக் கடந்த அவர் மீண்டும் அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். 1942இல் அது எம்.பி.பி.எஸ். கல்லூரியாயிற்று, 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். அதுவே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1960இல் அம்மையார் கொடைக்கானலில் மறைந்தார்.

தட்டிய மூவரில் ஒருவரும் கிறித்தவர் அல்லர் என்பதை எண்ணிப் பாருங்கள். அவருடைய விசுவாசம் அவர்களிடம் எந்த அறிக்கையையும் கேட்கவில்லை. திறக்க இயலாமற்போன ஓரிரவுக்கு, பல பத்தாண்டுகள் கதவைத் திறந்துவைத்து விடையளித்தது.

எனவே, உறுதியான விசுவாசம் என்பது ஐயம் அறியாமை அன்று. தோல்வி அறியாமையும் அன்று. ஒருமுறை காதில் விழுந்த அழைப்பைக் காலமெல்லாம் கைவிடாதிருத்தல். கவிஞர் பெருமக்களே, நமக்கும் இதில் பங்குண்டு. இரக்கத்தைப் பாடுவது எளிது. பாடிய சொல்லுக்கு மறுநாட்காலை உண்மையாயிருப்பது அரிது. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம், அழகிய சொற்களோடு காப்பாற்றப்பட்ட சொற்களையும் சேர்த்து வளர்வதாக.