டாட்சன் 240 இசட்: துருவும் கார்புரேட்டரும்

1969ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரில் நிசான் நிறுவனம் அறிமுகப்படுத்தி, டாட்சன் 240 இசட் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்ற இரண்டு இருக்கைக் கார், அரை நூற்றாண்டுக்குப் பின்னும் பல நாட்டுப் பட்டறைகளில் கழற்றிப் பூட்டப்பட்டு ஓடிக்கொண்டிருப்பதற்கு அதன் அழகு மட்டும் காரணமன்று. யோஷிஹிகோ மட்சுவோவின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட அந்தக் காரின் நீண்ட மூக்கும் சரிந்த பின்புறமும் இன்றும் கண்ணைக் கவர்பவைதாம். எனினும், அமெரிக்காவில் நிசானின் பொறுப்பை ஏற்றிருந்த யுடாகா கட்டயாமா வேண்டியது, மாதச் சம்பளக்காரர் வாங்கக்கூடிய, பழுதானால் அருகிலுள்ள மெக்கானிக்கே சரிசெய்யக்கூடிய ஒரு விளையாட்டுக் காரையே. ஆறு சிலிண்டர் எஞ்சினும், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷனும், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் கொண்டு வந்த அந்தக் காரின் தொடக்க விலை 3,526 டாலர்; அக்காலத்து ஐரோப்பிய விளையாட்டுக் கார்கள் பலவற்றின் விலைக்கு அது மிகக் கீழே இருந்தது. எளிதில் பழுது பார்க்கலாம் என்ற அந்த இயல்பைக் காப்பதே இக்காரைப் புதுப்பிப்போரின் முதற்கடமை என்பது இவ்வுரையின் கருத்து.

இக்காரின் முதல் எதிரி துரு. பழைய லாரிகளில் இருப்பதுபோல் கனமான சேசிஸ் ஒன்றின் மேல் உடலை ஏற்றிவைக்காமல், மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்து, புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்து, உடலையே சுமைதாங்கியாக ஆக்கும் முறையில் இது கட்டப்பட்டது. ஆகவே தகடு அரித்தால் அழகு மட்டுமன்றி வலிமையும் போகிறது. முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் இறங்கும் பள்ளத்தில் இலைச் சருகு அடைத்துக்கொண்டால், நீர் வெளியேற வழியின்றிப் பக்கத் தகடுகளுக்குள் தேங்குகிறது. பாட்டரியிலிருந்து சொட்டும் அமிலம் அதன் தட்டைத் தின்று கீழே ஓடும் பெட்டி வடிவ உத்தரம்வரை இறங்குகிறது. கதவுக்குப் பின்னால், பின்சக்கர வளைவு தொடங்கும் மூலையில், சக்கரம் வாரியிறைக்கும் சேறு தங்கி உள்ளிருந்தே அரிக்கிறது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் ஓடிய கார்களில் இந்த மூன்று இடங்களும் பெரும்பாலும் ஒருங்கே கெட்டிருக்கும்.

கெட்ட இடத்தைக் கண்டுபிடிக்கத் துணியில் பொதிந்த சிறு காந்தமும் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியும் போதுமானவை. காந்தம் ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதிலாகப் பட்டி, அதாவது பள்ளம் தூர்க்கப் பூசும் பசை, தடிப்பாக இருக்கிறது என்று பொருள். கைப்பிடியால் தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலித்தால் தகட்டின் உட்புறம் செதில் செதிலாக உதிர்ந்திருக்கலாம். அரித்த பகுதியைப் பளபளக்கும் நல்ல எஃகு தெரியும்வரை வெட்டி நீக்கியே புதுத் தகட்டைப் பொருத்த வேண்டும். துருவின் மேல் தகடு வைத்து ஒட்டுப்போடுவது அதை மறைத்து வளர்ப்பதாகும். வெட்டுவதற்கு முன் கதவுகளை மாட்டி, அவற்றைச் சுற்றியுள்ள இடைவெளிகளை அளந்து குறித்து, உட்புறத்தில் தற்காலிக இரும்புக் குழாய்களை முட்டுக்கொடுத்துக்கொள்வது இன்றியமையாதது. ஏனெனில், கதவுக்கு அடியில் ஓடும் உத்தரம் அறுக்கப்பட்டதும் உடல் தன் எடையாலேயே சிறிது தொய்ந்துவிடும். அந்த நிலையில் வெல்டிங் செய்துவிட்டால் பின்னர் எந்தக் கதவும் சரியாகச் சாத்தாது. பணி முடிந்தபின் மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகுக் கலவையைப் பீய்ச்சுவதும், நீர் வடியும் துளைகளை ஆண்டுதோறும் கம்பிவிட்டுச் சுத்தம் செய்வதும்தான் பேணல் எனப்படுவது. பெயிண்டுக்கு ஒதுக்கும் பணத்தைவிட இந்த மறைவான வேலைக்கு ஒதுக்கும் பணம் கூடுதலாக இருப்பதே முறை.

இக்காரின் உரிமையாளர்கள் நெடுங்காலமாக முறையிட்டுவரும் ஒரு குறையும் உடலைச் சார்ந்ததே: ஓடும்போது உள்ளே புகைநாற்றம் வீசும். சரிந்த பின்புறத்தைத் தாண்டும் காற்று அங்கே சுழன்று அழுத்தம் குறைந்த ஒரு பகுதியை உண்டாக்க, சைலன்சரிலிருந்து வெளியேறும் புகை அதில் சிக்கி, இறுகிப்போன பின்கதவு ரப்பர் வழியாகவும் பின்விளக்குகளின் கேஸ்கெட் வழியாகவும் உள்ளே உறிஞ்சப்படுகிறது. அப்புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு என்பதால், இதைப் பழைய காருக்கே உரிய மணம் என்று பொறுத்துக்கொள்வது ஆபத்து. புது ரப்பரும் புது கேஸ்கெட்டும் போட்டு, வயர்கள் நுழையும் துளைகளை அடைத்தால் பெரும்பாலும் நாற்றம் நின்றுவிடும்.

இனி எஞ்சின். எல் 24 எனப்படும் அது 2,393 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், வார்ப்பிரும்பு பிளாக்கும், அலுமினிய ஹெட்டும், சங்கிலியால் சுழலும் ஒரே கேம்ஷாஃப்டும் உடையது. அன்றைய அமெரிக்க அளவீட்டு முறைப்படி 151 குதிரைத்திறன் கொண்டது. மிக உறுதியான எஞ்சின் என்பதால், சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து பார்க்காமல் அதைப் பிரிக்கத் துணிவது வீண்செலவாக முடியலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது உள்வால்வுக்கு 0.25 மில்லிமீட்டரும் வெளிவால்வுக்கு 0.30 மில்லிமீட்டரும் இடைவெளி விட்டு டேப்பட் சரிசெய்து, டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்டையும் தீப்பொறி நேரத்தையும் ஒழுங்காக்கிய பிறகே கார்புரேட்டரில் கை வைக்க வேண்டும். கார்புரேட்டரின் மேல் சுமத்தப்படும் பழிகளில் பல உண்மையில் தீப்பொறியின் குறைகளே என்பது பழைய கார்களோடு பழகியோர் அனைவரும் அறிந்தது.

கார்புரேட்டர் என்பது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கருவி. 240 இசட்டில், பிரிட்டனில் தோன்றிய எஸ்.யு. கார்புரேட்டரின் தத்துவத்தைப் பின்பற்றி ஹிட்டாச்சி செய்த இரண்டு கார்புரேட்டர்கள், ஒவ்வொன்றும் மும்மூன்று சிலிண்டர்களுக்கு ஊட்டுமாறு, அருகருகே அமைந்துள்ளன. இவ்வகைக் கார்புரேட்டரின் வேலைமுறை வியக்கத்தக்க எளிமை உடையது. நேயர்கள் சற்றுப் பொறுமையோடு கேட்டால் அதன் அழகு விளங்கும். காற்று நுழையும் குழாயின் குறுக்கே, மேலே ஓர் உலோகக் குமிழுக்குள் ஏறியிறங்கும் பிஸ்டன் ஒன்று தொங்குகிறது. அந்தப் பிஸ்டனின் அடியிலிருந்து நுனி நோக்கிச் சிறுத்துச்செல்லும் ஓர் ஊசி நீண்டு, பெட்ரோல் வரும் ஜெட் என்னும் நுண்துளைக்குள் இறங்கியிருக்கிறது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் கூடுதலாகக் காற்றை இழுக்க, குமிழுக்குள் அழுத்தம் குறைந்து பிஸ்டன் மேலே எழுகிறது. காற்றுக்கு வழி அகலும் அதே நேரத்தில் ஊசியும் உயர்ந்து, அதன் மெலிந்த பகுதி துளைக்கு நேராக வருவதால், பெட்ரோலுக்கும் வழி அகலுகிறது. காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைக் கணக்கிட்டுக் கொடுக்க மின்னணுச் சாதனம் எதுவும் தேவைப்படவில்லை. அந்தக் கணக்கு முழுவதும் ஊசியின் சரிவிலேயே கடைந்து வைக்கப்பட்டிருக்கிறது.

பிஸ்டன் திடுமென எழும்பிவிடாதபடி அதன் நடுத்தண்டில் சிறிதளவு எண்ணெய் நிற்கிறது; இது வற்றிவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கார் ஒரு கணம் திணறும். ஒரு சிறு கரண்டி எண்ணெயால் தீரும் இக்குறைக்காக விலையுயர்ந்த உதிரிபாகங்களை வாங்கியோர் உண்டு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக் நெம்புகோலும் இங்கே வேறு விதமாக வேலை செய்கிறது: காற்றை அடைக்கும் தட்டு எதுவும் இதில் இல்லை, நெம்புகோலை இழுத்தால் ஜெட்டே சற்றுக் கீழே இறங்கி, ஊசியைச் சுற்றி இடைவெளி அகன்று, பெட்ரோல் கூடுதலாக வருகிறது. சூடேறியபின் ஜெட் முழுமையாக மேலே திரும்பாமல் சிக்கிக்கொண்டால் பெட்ரோல் வீணாகிப் பிளக்குகளில் கரி படியும்.

பிரித்துச் சுத்தம் செய்யும்போது காக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு பிஸ்டனும் அதற்குரிய குமிழோடு சேர்த்துப் பொருத்தப்பட்ட இணை என்பதால், முன் கார்புரேட்டரின் பிஸ்டனைப் பின் கார்புரேட்டரின் குமிழில் மாற்றிப் போடக் கூடாது. உட்சுவரை உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது. துடைத்து உலர்த்திய பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டால் தடையின்றி இறங்கி அடியில் டக்கென்று உட்கார வேண்டும். நடுவில் நின்றால் ஊசி வளைந்திருக்கலாம் அல்லது ஜெட் மையம் தவறியிருக்கலாம். த்ராட்டில் எனப்படும் காற்றுத் தடுப்புத் தட்டின் அச்சு தேய்ந்து ஆடினால், அந்தச் சந்து வழியே கணக்கில் வராத காற்று நுழைந்து எந்தச் சரிபார்ப்பையும் நிலைக்கவிடாது. அதற்குக் கடைசல் பட்டறையில் புது புஷ் போடுவதே மருந்து.

இரண்டு கார்புரேட்டர்களையும் ஒத்து ஓட வைப்பதே இக்கலையின் உச்சம். எஞ்சின் நன்கு சூடேறிய பிறகு, இரண்டையும் பிணைக்கும் இணைப்பைத் தளர்த்தி, ஒவ்வொன்றின் வாயிலும் காற்றளவுமானியை வைத்தோ, ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் பொருத்தி இரைச்சலைக் கேட்டோ, இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கும்வரை திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். அடுத்தது கலவை: ஜெட்டின் நட்டை முழுதும் மேலேற்றி, அங்கிருந்து இரண்டரைச் சுற்று இறக்குவது தொடக்க நிலை. பின்னர் ஒரு பிஸ்டனை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மட்டும் உயர்த்திப் பார்க்கும்போது எஞ்சினின் வேகம் ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி. கூடிய வேகம் குறையாமல் நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தள்ளாடி அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. காதும் விரலும் பழகப்பழக இவ்வேலை சுருங்கிவிடுகிறது. பழகியவர் மூடியைத் திறக்கும் முன்னரே எந்தக் கார்புரேட்டர் பின்தங்குகிறது என்று ஒலியாலேயே சொல்லிவிடுவார்.

1973ஆம் ஆண்டு மாடலில், புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஏற்ப, தட்டையான மேல்பகுதி கொண்ட வேறு வகைக் கார்புரேட்டர்கள் வந்தன. வெயில் நாளில் நிறுத்திக் கிளப்பும்போது தொல்லை தந்த அவற்றை நீக்கிவிட்டு முந்தைய குமிழ் வகையையே திரும்பப் பொருத்திய உரிமையாளர் பலர். மூன்று வெபர் கார்புரேட்டர்களைப் பொருத்துவதும், கணினிவழிப் பெட்ரோல் செலுத்தியை அமைப்பதும் இன்று பெருகிவருகின்றன. அவை வேகம் தரலாம். ஆயினும் சாலையோரத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரால் சீராக்கத்தக்க காரை அவ்வாறு மாற்றிவிட்டால், அதைப் புதுப்பித்ததாகச் சொல்வது பொருந்தாது.

அந்த எளிமை எத்தகைய சோதனையைத் தாங்கியது என்பதற்குக் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியே சான்று. சேறும் புழுதியும் நிறைந்த வழிகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் அப்போட்டியில், 1971இல் எட்கர் ஹெர்மானும் ஹான்ஸ் ஷூலரும், 1973இல் இந்திய வம்சாவளியினரும் உகாண்டாவில் பிறந்தவருமான சேகர் மேத்தாவும் லாஃப்டி ட்ரூஸும் 240 இசட்டில் வென்றனர்.

பிற பகுதிகளை நேரம் கருதிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியுள்ளது. முன்விளக்குகளின் மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்ச் வழியே பாய்வதால், காலப்போக்கில் சுவிட்சும் ஃபியூஸ் பெட்டியும் சூடேறி உருகுவதுண்டு. ஒரு ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரு மின்சாரத்தைத் திறந்து மூடும் சாதனம், பொருத்தினால் இவ்வாபத்து நீங்கும். இது வெளியே தெரியாத, எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடத்தக்க மாற்றம் என்பதால் ஏற்கத்தக்கதே. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றாவிட்டால் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடிக்கும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை இளக்கிக் கசியவிடும் என்பதால், அவை அனைத்தையும் ஐயமின்றிப் புதியனவாக மாற்றிவிடுவதே உயிருக்குப் பாதுகாப்பு.

செலவைப் பற்றியும் ஒரு சொல். 1990களின் பிற்பகுதியில் நிசானே பழைய 240 இசட் கார்களை வாங்கி, அமெரிக்கப் பட்டறைகளில் புதுப்பித்து, ஏறத்தாழ 25,000 டாலர் விலையில் முகவர்கள் வழியே விற்க முன்வந்தது. 200 கார்கள் திட்டமிடப்பட்டன. விற்றவை நாற்பதை எட்டவில்லை. புதுப்பிக்கும் செலவு விலையை விழுங்கிவிட்டது. மறுபுறம், குறைவாக ஓடி, கைபடாமல் இருந்த 1971ஆம் ஆண்டுக் கார் ஒன்று 2020இல் 3,10,000 டாலருக்கு ஏலம் போனது. இத்தகைய விலைகளின் விளைவாக நல்ல கார்கள் பூட்டிய கொட்டகைகளில் முடங்குவது வருந்தத்தக்கது. ஓடாத காரில் கார்புரேட்டரின் மிதவைத் தொட்டியிலுள்ள பெட்ரோல் பிசினாக உறைகிறது, சீல்கள் காய்ந்து வெடிக்கின்றன, பிரேக்குகள் பற்றிக்கொள்கின்றன. நின்ற இடத்தில் சிறிது நேரம் கிளப்பி அணைப்பதும் தீர்வாகாது. எண்ணெய் முழுமையாகச் சூடேறும் வரை சாலையில் ஓட்டினால்தான் எஞ்சினுக்குள்ளும் சைலன்சரிலும் சேர்ந்த ஈரம் ஆவியாகும்.

உரைக்குரிய நேரம் முடிகிறது. இத்தகைய காரை வாங்க எண்ணும் நேயர்கள், பெயிண்டின் பளபளப்பைப் பார்க்கும் முன் தரைவிரிப்பைத் தூக்கித் தகட்டைப் பார்ப்பார்கள் என்றும், கார்புரேட்டரைக் குறை சொல்லும் முன் டேப்பட்டையும் தீப்பொறியையும் சோதிப்பார்கள் என்றும், வாங்கிய காரை வாரம் ஒருமுறையேனும் சாலைக்குக் கொண்டுவருவார்கள் என்றும் நம்பலாம்.